பாட்டை இழந்த படங்கள்

விக்டோரியா காலத்து ஓவியர்கள் பழைய கதைப்பாடல்களுக்கு வரைந்த படங்கள் இப்போது சுவரலங்காரச் சரக்காகிவிட்டன. அவற்றின் பதிப்புரிமை என்றோ முடிந்துவிட்டது. அருங்காட்சியகங்களும் நூலகங்களும் துல்லியமான நகல்களை இணையத்தில் இட்டுவைத்திருக்கின்றன. கேன்வாஸில் அச்சிட்டுச் சட்டமிட்டு அனுப்பும் தொழிலும் பெருகிவிட்டது. கைப்பேசித் திரையில் படத்தையும் அளவையும் சட்டத்தின் நிறத்தையும் தெரிவுசெய்தால் போதும். தில்லி கரோல் பாகின் ஏதோ ஒரு சந்தில், மூன்றாம் மாடியில், குடிமைப்பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பகிர்ந்துகொள்ளும் வாடகை அறைக்கும் அது சில நாள்களில் வந்து சேரும். எந்தப் பாட்டுக்காக அந்தப் படம் வரையப்பட்டதோ, அந்தப் பாட்டு மட்டும் உடன் வராது.

இதைப் பற்றிப் பேச்செழுந்தால் கல்விப்புலத்தில் இரண்டு குரல்கள் உடனே கேட்கும். அழகுக்கு நாடேது, மொழியேது, பிடித்ததை மாட்டிக்கொள்வதில் என்ன குற்றம் என்பது ஒரு குரல். ஆங்கிலேயன் கப்பலேறி எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அவன் வீட்டு வரவேற்பறையை இங்கே சுவரில் தொங்கவிடுவது அடிமைப்புத்தி என்பது மற்றொரு குரல். இரண்டாவது குரலுக்குக் கருத்தரங்குகளில் கைதட்டல் கிடைக்கும். முதற்குரல் படத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. பாட்டில் என்ன நடந்தது என்று இரண்டும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அந்தப் படங்கள் இவ்வளவு இனிமையாகவும் தோன்றியிரா. இவ்வளவு அந்நியமாகவும் தோன்றியிரா.

இவ்வகைப் படங்களுள் பெரிதும் அறியப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பிரெடரிக் வில்லியம் பர்ட்டன் என்ற ஐரிஷ் ஓவியர் 1864இல் தீட்டிய நீர்வண்ண ஓவியம் அது. ஹெல்லலில் என்ற இளவரசியும் ஹில்டபிராண்ட் என்ற வீரனும் கோட்டைக் கோபுரத்துப் படிக்கட்டில் எதிர்ப்படுகிறார்கள். நீல உடை அணிந்த அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். கவசம் பூண்ட அவன் அவளுடைய கையைப் பற்றி அதில் முகம் பதித்திருக்கிறான். இருவர் பார்வையும் சந்திக்கவில்லை. டப்ளினில் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் இந்த ஓவியத்தை 2012இல் அந்நாட்டு மக்கள் தங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான ஓவியமாக வாக்களித்துத் தெரிவுசெய்தார்கள். வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கிவிடும் என்பதால் அங்கே அதை வாரத்தில் சில மணிநேரமே திறந்து காட்டுகிறார்கள். இணையத்தில் அது நாள் முழுதும் திறந்தே கிடக்கிறது. காதலர் தினத்துக்கும் திருமண நாள் வாழ்த்துக்கும் படுக்கையறைச் சுவருக்கும் ஏற்ற படமாகச் சுற்றிவருகிறது.

பாட்டில் நடப்பது வேறு. அது பழைய டேனிஷ் கதைப்பாடல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஹெல்லலில் தையலில் அமர்ந்தபடி தன் கதையைத் தானே சொல்கிறாள். தன் மெய்க்காவலன் மீது அவள் காதல் கொண்டாள். தந்தைக்கு அது பொறுக்கவில்லை. அவனைக் கொன்றுவிடுமாறு தன் ஏழு மைந்தர்களையும் ஏவினான். வாளோடு வாசலுக்குப் போகுமுன் ஹில்டபிராண்ட் அவளிடம் ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டான்: சண்டை முடியும்வரை என் பெயரைச் சொல்லிவிடாதே. தந்தையும் அண்ணன்மார் அறுவரும் வெட்டுண்டு விழுந்தார்கள். கடைசித் தம்பி வீழப்போகும் தருணத்தில் அவள் பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டாள். தம்பி பிழைத்தான், காதலன் காயங்களோடு மடிந்தான், அவளும் நெடுநாள் இருக்கவில்லை. இது காதற்பாட்டாக இருக்கலாம். ஆனால் அதன் நடுவில் நிற்பது ஆணவக் கொலை. பர்ட்டன் தீட்டிய படிக்கட்டுச் சந்திப்போ பாட்டில் இல்லவே இல்லை. இரத்தம் சிந்துவதற்கு முந்திய ஒரு கணத்தை அவரே கற்பனை செய்துகொண்டார். பாட்டு தெரிந்தவருக்கு அந்தத் திருப்பிய முகம் அச்சமூட்டும். பாட்டு தெரியாதவருக்கு அது நாணம்.

இங்கே ஒரு சுவையான செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் பாடலை 1855இல் ஆங்கிலமாக்கியவர் விட்லி ஸ்டோக்ஸ். கெல்டிக் மொழியியலில் பெரும்பெயர். அவர் வழக்கறிஞருமாவார். 1862இல் பிழைப்புக்காகக் கப்பலேறி வந்து இறங்கிய ஊர் சென்னை. அங்கே வழக்காடிய காலத்தில்தான் டப்ளினில் அறிந்த நண்பர் அவர் மொழிபெயர்ப்பைக் கொண்டு ஓவியம் தீட்டினார். 1865இல் இந்துச் சட்ட நூல்களின் மொழிபெயர்ப்புகளைத் தொகுத்துச் சென்னையிலேயே வெளியிட்டார். பிறகு 1877 முதல் 1882 வரை வைசிராயின் மன்றத்தில் சட்ட உறுப்பினர். சொத்து மாற்றுச் சட்டம் 1882இல் நிறைவேறியது அவர் காலத்தில்தான். கரோல் பாகில் அறையெடுக்கும் மாணவர் கையெழுத்திடும் குத்தகைத் தாளுக்கு வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அறைச் சுவரில் மாட்டும் படத்துக்கு வேர் அதே மனிதர் பெயர்த்த பாட்டில் இருக்கிறது. அடிமைப்புத்தி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பார்கள்? சட்டத்தை வைத்துக்கொண்டு படத்தை மட்டும் கழற்றுவார்களா?

ஹெல்லலில் பாட்டு தனித்த ஒன்றன்று. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை வெளிவந்த தம் பெருந்தொகுப்பில் ஆங்கில, ஸ்காட்டியக் கதைப்பாடல்கள் 305ஐ எண்ணிட்டு அடுக்கினார். அதில் ஏழாவதாக நிற்கும் 'ஏர்ல் பிராண்ட்' பாடலைப் பேசும்போது இந்த டேனிஷ் பாடல் மரபையும் அவர் விரிவாக ஒப்பிட்டிருக்கிறார். பதினோராவது பாடலில் மணமகன் பெண்ணின் தந்தையிடமும் தாயிடமும் உடன்பாடு கேட்கிறான். அண்ணனைக் கேட்க மறந்துவிடுகிறான். மணக்கோலத்தில் குதிரையேறும் தங்கையை அண்ணன் குத்திக் கொல்கிறான். அறுபத்தைந்தாவதில் ஆங்கிலேயப் பிரபுவைக் காதலித்துக் கருவுற்ற ஸ்காட்டியப் பெண்ணை அவள் குடும்பமே தீயிலிடுகிறது. அறுபத்தொன்பதாவது 'கிளார்க் சாண்டர்ஸ்'. ஏழு சகோதரர்கள் விளக்கோடு வந்து தங்கையின் அருகில் உறங்குபவனைப் பார்க்கிறார்கள். விட்டுவிடலாம் என்று சிலர் மனம் இளகுகிறார்கள், ஒருவன் இளகவில்லை. கொல்லப்பட்டவன் ஆவியாக வந்து, தான் கொடுத்த வாக்கைத் திருப்பிக் கேட்கிறான்.

இந்தக் கடைசிக் காட்சியைத்தான் எலிசபெத் சிடல் வரைந்து 1857இல் காட்சிக்கு வைத்தார். சிடலைப் பிறர் தீட்டிய ஓவியங்களின் மாதிரிப் பெண்ணாகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் தாமே ஓவியர், கவிஞர். வில்லியம் ஆலிங்கம் தொகுக்கவிருந்த கதைப்பாடல் நூல் ஒன்றுக்குப் படம் வரைய அவர் முனைந்தார். ஆலிங்கத்தின் நூல் 1864இல் வந்தது, சிடலின் படங்கள் இல்லாமல். அவர் அதற்கு இரண்டாண்டுகள் முன்பே இறந்துபோயிருந்தார். பாட்டோடு அச்சேறவேண்டும் என்று வரையப்பட்டவை அன்றே பாட்டைப் பிரிந்தன. இன்று அவற்றைச் சட்டமிடும் வணிகம் அந்தப் பிரிவை நிலையாக்குகிறது.

இனி அந்தச் சுவர் இருக்கும் ஊரைப் பார்க்கவேண்டும். கரோல் பாக் திருமணச் சந்தை. மணப்பெண்ணின் உடைக்கும் நகைக்கும் அஜ்மல் கான் சாலைக்கும் அதைச் சுற்றிய தெருக்களுக்கும் வட இந்தியக் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. 1947க்குப் பிறகு மேற்குப் பஞ்சாபிலிருந்து உடைமையிழந்து வந்தவர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய பகுதி அது. அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாக வந்த தமிழர்களும் வேரூன்றிய பகுதி; பூசா சாலையில் தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இன்றும் நடக்கிறது. கதைப்பாடல் மரபில் இருவரும் ஏழைகளல்லர்.

பஞ்சாபியர்களின் 'கிஸ்ஸா' மரபில் வாரிஸ் ஷா 1766இல் பாடிய ஹீர் தலையாயது. மனமொத்த ராஞ்ஜாவோடு அவளை வாழவிடாமல் குடும்பத்தாரே நஞ்சிட்டுக் கொல்கிறார்கள். பிரிவினைக் கொடுமையின்போது அம்ருதா ப்ரீதம் வாரிஸ் ஷாவைக் கல்லறையிலிருந்து எழுந்து வரச்சொல்லி அழைத்தது இந்தப் பாட்டின் பலத்தால்தான். மிர்ஸா–சாஹிபான் கதை அதைவிடக் கூர்மையானது. சாஹிபானை அவள் திருமணத்தன்று குதிரையிலேற்றிக்கொண்டு மிர்ஸா தப்புகிறான்; வழியில் மரத்தடியில் உறங்கிவிடுகிறான். அவன் விழித்தால் தன் அண்ணன்மார் அத்தனை பேரையும் எய்து வீழ்த்திவிடுவான் என்று அஞ்சிய சாஹிபான் அவன் அம்புகளை ஒடித்துப்போடுகிறாள். அண்ணன்மார் வந்து அவனை வெட்டுகிறார்கள். ஹெல்லலில் வாயால் செய்ததைச் சாஹிபான் கையால் செய்தாள். இரண்டு பாடல்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு தேடவேண்டியதில்லை. பிறந்த வீட்டுக்கும் காதலனுக்கும் நடுவே நிறுத்தப்பட்ட பெண் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பழி அவளுக்கே என்ற நிலைமை இரண்டிடத்திலும் ஒன்று, பாட்டும் ஒன்றாகிறது. பஞ்சாபிக் கதைப்பாடல்களை ரிச்சர்டு டெம்பிள் என்ற படையதிகாரி மூன்று தொகுதிகளாக அச்சிட்ட ஆண்டுகள் 1884 முதல் 1900 வரை. சைல்டின் தொகுதிகள் வந்ததும் ஏறக்குறைய அதே காலம். ஒரே காலத்தில் இரண்டு கண்டங்களில் அச்சேறிய இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லும் பாடத்திட்டங்கள் அரிது. சைல்டு ஆங்கிலத் துறைக்கு, டெம்பிள் நாட்டாரியலுக்கு என்று பாகப்பிரிவினை முடிந்துவிட்டது.

தமிழ்ப் பக்கத்தில் காத்தவராயன் பார்ப்பனப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறினான். மதுரை வீரன் பொம்மியைக் கவர்ந்து சென்றான்; பின்தொடர்ந்து வந்த அவள் தந்தை போரில் விழுந்தான்; வீரனும் பின்னாளில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டான். இவற்றைப் பழங்கதை என்று சொல்லத்தான் ஆசை. 2007இல் அரியானாவின் கைத்தல் மாவட்டத்தில் ஒரே கோத்திரத்தில் மணந்துகொண்டதற்காக மனோஜும் பப்லியும் பெண்வீட்டாரால் கொல்லப்பட்டார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகே, சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். மனைவி கௌசல்யா வெட்டுக்காயங்களோடு பிழைத்தார். 2018இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய கொலைகளைத் தடுக்க மாநிலங்களுக்கு விரிவான நெறிமுறைகள் வகுக்கவேண்டியிருந்தது. இந்த நாட்டில், திருமணச் சந்தையின் நடுவே, ஹெல்லலில் படம் மணவறை அலங்காரமாகத் தொங்கலாம். அதை மாட்டுபவர் அறியாமல் மாட்டுகிறார்; அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அறிந்திருக்கவேண்டியவர்கள் வேறு இடத்தில், சம்பளமும் உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

பாட்டும் படமும் பிரிந்த வரலாறு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் கதைப்பாடல் ஒற்றைத்தாளில் அச்சாகித் தெருமுனையில் பாடி விற்கப்பட்டது. தாளின் தலையில் முரட்டு மரச்செதுக்குப் படம் ஒன்றிருக்கும். அது அந்தப் பாட்டுக்கென்று செதுக்கியதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு பாட்டில் அரசியாக வந்தவள் அடுத்த பாட்டில் கொலைகாரியாக வருவாள். அச்சகத்தில் இருக்கும் கட்டைதான் படம். சாமுவேல் பெப்பீஸ் சேர்த்துவைத்த 1,800க்கும் மேற்பட்ட தாள்கள் கேம்பிரிட்ஜில் இருக்கின்றன. அவற்றைப் புரட்டினால் இந்தக் கட்டைகளின் ஊர்சுற்றல் தெரியும். சென்னைக் குஜிலிக் கடைகளின் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களையும், இரத்தின நாயகர் அண்டு ஸன்ஸ், ஆர். ஜி. பதி கம்பெனி முதலானோர் விற்ற 'பெரிய எழுத்து' வரிசையையும் அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயரிட்டது இந்த உலகத்தைத்தான். அங்கே படம் கூவி அழைக்கும், சரக்கு பாட்டுதான். நல்லதங்காள் கதையைப் படத்துக்காக வாங்கினவர் எவருமிலர்.

கற்றோர் கைபட்டதும் நிலைமை தலைகீழாயிற்று. தாமஸ் பெர்சி, ஒரு வீட்டில் பணிப்பெண்கள் அடுப்பெரிக்கக் கிழித்துக்கொண்டிருந்த கையெழுத்துச் சுவடியைக் காப்பாற்றி, 1765இல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். காப்பாற்றியதோடு நிற்கவில்லை, கனவான்களின் காதுக்கு ஏற்றபடி திருத்தவும் செய்தார். வால்டர் ஸ்காட் எல்லைப்புறப் பாடல்களை அச்சிட்டபோது, அவருக்குப் பாடல்கள் தந்த மார்கரெட் லெய்ட்லா என்ற கிராமத்துப் பெண்மணி முகத்துக்கு நேரே கடிந்துகொண்டார் என்று அவர் மகன் ஜேம்ஸ் ஹாக் பதிந்திருக்கிறார். பாடுவதற்கென்று இருந்தவற்றைப் படிப்பதற்கென்று ஆக்கிக் கெடுத்துவிட்டீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். கதைப்பாடல் ஆய்வில் இதைவிடக் கூர்மையான விமர்சனம் பிறகு வந்ததில்லை.

விக்டோரியா காலம் அடுத்த அடி. எஸ். சி. ஹால் 1842இலும் 1844இலும் வெளியிட்ட பிரிட்டிஷ் கதைப்பாடல் நூலில் ரிச்சர்டு டாட், ஜான் டெனியல், நோயல் பேட்டன் முதலிய பலர் வரைந்தார்கள். பக்கந்தோறும் பாட்டைச் சுற்றிப் படம் கொடிபோல் படர்ந்திருக்கும். அந்நூலைப் பற்றி எத்தனை குறை சொன்னாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: அதில் பாட்டு நடுவில் இருந்தது. இன்றைய சுவர்ப்பட வணிகம் அந்த நடுவைத்தான் வெட்டியெறிகிறது. ஓரத்தை நடுவாக்கி, ஓவியர் பெயரையும் நறுக்கி, 'இடைக்காலக் காதல்' என்பதுபோல் ஏதேனும் ஒரு பெயரைச் சூட்டுகிறது.

தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேதனையும் உண்டு. அக்காலப் புத்தகப் படங்கள் இறுகிய மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணிய உளியால் செதுக்கப்பட்டவை. ஓவியர் ஒருவர், செதுக்குவோர் வேறொருவர். டால்ஜியல் சகோதரர்களைப் போன்ற பட்டறை முதலாளிகளின் பெயர் நின்றது, உளி பிடித்த கூலியாள்களின் பெயர் மறைந்தது. கையில் ஏந்தி ஓரடித் தொலைவில் பார்ப்பதற்கென்று இழைத்த கோடுகள் அவை. நான்கு அங்குலப் படத்தை மூன்றடிக்குப் பெருக்கினால் மயிரிழை வடக்கயிறாகிவிடும். அதைப் 'பழமையின் முரட்டழகு' என்று விற்கிறார்கள்.

பாட்டு போனால் கதை மட்டுமா போகிறது? சுவரலங்காரத்தில் குறையாமல் விற்கும் மற்றொரு படம், எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் 1884இல் காட்சிக்கு வைத்த 'கோஃபெட்டுவா அரசனும் இரவல் பெண்ணும்'. அரசன் மகுடத்தை மடியில் வைத்துக்கொண்டு கீழே அமர்ந்திருக்கிறான். எளிய உடையில் பிச்சைக்காரப் பெண் மேலே அமர்ந்திருக்கிறாள். செல்வம் அன்பின் முன் தாழ்கிறது என்று உரை சொல்வார்கள். ஷேக்ஸ்பியர் காலத்திலேயே பழம்பாட்டாகிவிட்ட அந்தக் கதைப்பாடல், பெர்சியின் தொகுப்பிலும் இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே சொல்லப்படுவது, கோஃபெட்டுவா ஆப்பிரிக்க அரசன் என்பது. பர்ன்-ஜோன்ஸின் தூரிகை அவனுக்கு ஐரோப்பிய இடைக்கால மாவீரனின் கவசத்தைப் பூட்டிவிட்டது. ஆப்பிரிக்காவை நினைவூட்டும் எதுவும் அதில் மிஞ்சவில்லை. படத்தின் மேற்புறத்தில் இரண்டு இளைஞர்கள் இசைத்தாளைப் பிடித்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்கள் பாடுவது காதில் விழுந்தால், கீழே அமர்ந்திருப்பவன் யாரென்று ஒரு கேள்வியாவது எழும்.

இதைச் சுட்டி ஐரோப்பியரை ஏசுவது எளிது. மதுரை வீரனுக்கு நேர்ந்ததைச் சேர்த்துப் பேசினால்தான் ஏச்சுக்குத் தகுதி உண்டாகும். அருந்ததியர் குடியில் வளர்ந்த வீரன் உண்மையில் காசி மன்னனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் என்ற முன்கதை அச்சுப் பிரதிகளில் பரவியது, 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அதையே பின்பற்றியது. முத்துப்பட்டன் மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பார்ப்பனப் பெண்களே என்றும் ஒரு கதை ஒட்டவைக்கப்பட்டது. சாதி மீறலை மழுப்பும் இத்தகைய ஒட்டுகளை நா. வானமாமலை அடையாளங்காட்டினார். 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக அவர் பதிப்பித்த கதைப்பாடல்களால் அந்த உரையாடல் ஒரு தலைமுறைக்கு உயிரோடிருந்தது. ஓவியன் ஆப்பிரிக்கனை வெளுத்தான். அச்சகத்தான் அருந்ததியனை அரசனாக்கினான். இரண்டு திருட்டையும் பிடிப்பதற்குப் பாட்டு ஒன்றே தடயம். ஆகவேதான் பாட்டை விட்டுப் படத்தை எடுத்துக்கொள்வது வெறும் இரசனைக் கோளாறாக முடிந்துவிடுவதில்லை; களவுக்குத் துணைபோவதாகவும் ஆகிவிடுகிறது.

மேலைநாட்டுப் படங்களுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று இது. கரோல் பாகிலிருந்து சிறிது தொலைவில், பாபா கரக் சிங் சாலையில், மாநில அரசுகளின் கைவினைக் கடைகள் இருக்கின்றன. ராஜஸ்தானத்துப் 'பட்' ஓவியங்களின் சிறு துண்டுகள் அத்தகைய கடைகளில் விலைக்குக் கிடைக்கும்: ஒரு குதிரை, ஓர் ஒட்டகம், ஓர் அரசவை. உண்மையான பட் என்பது பதினைந்தடிக்கு மேல் நீளும் துணிச்சீலை. பாபூஜி என்ற வீரதெய்வத்தின் கதை முழுவதும் அதில் எழுதப்பட்டிருக்கும். இரவில் அதை விரித்துக் கட்டி, போபா நரம்புக்கருவியை இசைத்துப் பாட, அவன் மனைவி விளக்கை உயர்த்திப் பாட்டுக்குரிய இடத்தைக் காட்டுவாள். வெளிச்சம் படும் இடம்தான் அந்த நேரத்துப் படம். மற்றவை இருளில் காத்திருக்கும். தெய்வத்தின் கண்ணைக் கடைசியில் எழுதுவார்கள். அதன்பின் அது துணி அன்று, நடமாடும் கோயில். நைந்துபோனால் புஷ்கர் ஏரியில் இட்டுக் குளிர்விப்பார்கள். இதைத் துண்டாக்கிச் சட்டமிட்டு விற்பவர்கள், வாங்குபவர்கள், அதைப் பரிசளிக்கும் துணைவேந்தர்கள் எல்லாரும் சுதேசிகள். படங்களை இறக்கிவிட்டு இந்தியப் படங்களை மாட்டினால் தீர்ந்தது என்போருக்கு இதுவே மறுமொழி. ஹெல்லலில் இருந்த ஆணியில் பாபூஜியின் குதிரையை மாட்டுவதால் யாருக்கும் ஒரு பாட்டும் கூடுதலாகத் தெரிந்துவிடாது.

படம் தன்காலில் நிற்கக்கூடாதா என்று கேட்பார்கள். நிற்கலாம், பர்ட்டனின் ஓவியம் நிற்கவே செய்கிறது. அந்த நீலத்தையும் அந்தத் தலைதிருப்பலையும் தீட்டியவர் பெருங்கலைஞர் என்பதில் ஐயமில்லை. பாட்டை அறிந்தபின் அந்த ஓவியம் சிறுத்துவிடுகிறதா, பெருகுகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்ப்பதற்குச் செலவொன்றுமில்லை. சோதிக்க மறுத்துக்கொண்டே அழகின் சுதந்திரத்தைப் பேசுவது, சமையலறைப் பக்கம் போகாமலே பசியைப் பற்றிப் பேசுவது போன்றது.

பல்கலைக்கழகங்களிடம் கேட்கவேண்டியது பெரிய காரியமன்று. ஆங்கிலத் துறையில் கதைப்பாடல் என்றால் நாலடிச் செய்யுள், அடுக்கிவரும் வரிகள், யாப்பு என்று ஒரு வகுப்பில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த வகுப்பில் ரொமாண்டிக் கவிஞர்கள் வந்துவிடுவார்கள். தமிழ்த் துறையில் கதைப்பாடல் நாட்டுப்புறவியல் தாளின் ஓர் அலகு. வரையறை, வகைகள், பண்புகள். கொலை எங்கே, யார் செய்தது, ஏன் என்ற கேள்வி இரு வகுப்பிலும் தேர்வுக்கு வராது. மிர்ஸாவையும் ஹெல்லலிலையும் காத்தவராயனையும் ஒரு பருவத்தில் ஒன்றாகப் படிப்பிக்க எந்த மானியக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை. பாடல்கள் அச்சில் இருக்கின்றன. படங்கள் இணையத்தில் இருக்கின்றன. பஞ்சாபி தெரிந்த மாணவரும் தமிழ் தெரிந்த மாணவரும் பெரும்பாலும் ஒரே விடுதியில் இருக்கிறார்கள்.

படத் தொகுப்புகளை இணையத்தில் இடும் நூலகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஓவியர் பெயர், ஆண்டு, அளவு, வண்ணவகை என்று பதிவிடும் விவரக்குறிப்பில் பாடலின் பெயரும் அதன் தொகுப்பு எண்ணும் ஏறவேண்டும். முடிந்தால் பாடலின் பக்கத்தையும் படத்தோடு பிணைத்தே தரவேண்டும். சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் பெரிய எழுத்துப் புத்தகங்களின் அட்டைகளைப் பார்த்து மகிழ்பவர்கள் பெருகிவருகிறார்கள். அந்த அட்டைகளின் தடித்த கோடும் மயங்கிய வண்ணமும் வடிவமைப்பாளர்களுக்கு மிகவும் பிடிக்கும். அவற்றின் பதிப்புரிமையும் காலாவதியாகும். அப்போது நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளோடு கிணற்றடியில் நிற்கும் படம் மூன்றடிக்கு இரண்டடி கேன்வாஸில், தேக்குநிறச் சட்டத்தில், கிராமியத் தாய்மை என்ற பெயரோடு விலைக்கு வரும்.